கப்பல் பயணத்தில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதை விடலாம்: எட்டுப் பேருக்கு நாங்கள் போட்ட கணக்கு

கல்யாண மண்டபம் பிடித்தவர்களுக்குத் தெரியும். வாடகை என்று முதலில் ஒரு தொகை சொல்வார்கள். கரண்ட், ஜெனரேட்டர், துப்புரவு, பாத்திரம் எல்லாம் அதற்கு மேல் வரும். கப்பல் டிக்கெட்டும் அந்த மாதிரிதான். தலைக்கு இவ்வளவு என்று ஏஜெண்ட் சொல்லும் தொகையில் படுக்க ரூம், மூன்று வேளைச் சாப்பாடு, மாலை நிகழ்ச்சிகள், நீச்சல் குளம் அடக்கம். குளிர்பானம், மது, இன்டர்நெட், கரையில் சுற்றிப் பார்ப்பது, போட்டோ, சலவை, ஊழியர்களுக்கான சேவைத்தொகை இவையெல்லாம் பெரும்பாலும் தனி.

போன மே மாதம் கோபிசெட்டிபாளையத்திலிருந்து நாங்கள் எட்டுப் பேர் போனோம். மாமனார், மாமியார், நாங்கள் இருவர், எங்கள் மகள் (11), மகன் (7), கொழுந்தனார், ஓரகத்தி. வீட்டு வரவு செலவு நோட்டு என் கையில்தான் இருக்கிறது. அதனால் எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்துப் பார்க்கும் வேலையும் எனக்கே வந்தது. மூன்று மாதம் பார்த்ததில் எனக்குப் பட்டது இது: மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் பானமும் சில்லறைச் செலவும். மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் பெரியவர்கள் படுக்கும் ரூம். பெரும்பாலான குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. டிக்கெட் எடுக்கும்போது மலிவான ரூமைப் பிடித்துவிட்டு, ஏறிய பிறகு பான பேக்கேஜில் (நாளுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டு வேண்டிய மட்டும் குடிப்பது) அதைவிட அதிகமாக விடுகிறார்கள்.

சென்னையா, சிங்கப்பூரா

நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு முதல் கேள்வி எங்கே ஏறுவது என்பது. கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓட ஆரம்பித்தது; 2023 ஜூனில் இலங்கைக்கும் போயிற்று. மேற்குக் கரையில் மழை பிடிக்கும் மாதங்களில் அது சென்னைப் பக்கம் வந்திருக்கிறது. மற்ற மாதங்களில் மும்பை, கோவா, கொச்சி, லட்சத்தீவுப் பக்கம். ஈரோட்டில் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்ட்ரல். அங்கிருந்து துறைமுகம் கூப்பிடு தூரம். கொச்சி கோவையிலிருந்து சுமார் நான்கு மணி நேரம். விமான டிக்கெட் இல்லை. இந்தியத் துறைமுகங்களுக்குள்ளேயே போய் வந்தால் விசாவும் இல்லை. கப்பலுக்குள் செலவும் ரூபாயிலேயே. இட்லியும் ஜெயின் சாப்பாடும் கேட்டால் கிடைக்கும். முதல் தடவை போகிறவர்களுக்கும், இரண்டு மூன்று இரவு போதும் என்பவர்களுக்கும் இதுதான் சரி.

ஆனால் அது 1990இல் கட்டிய கப்பல். சுமார் 1,800 பேர் போகலாம். சிங்கப்பூரிலிருந்து ஓடிய ராயல் கரீபியனின் ஸ்பெக்ட்ரம் 2019இல் வந்தது. ரூமுக்கு இருவர் என்று வைத்தாலே 4,200 பேருக்கு மேல் கொள்ளும். சின்னக் கப்பல் அலையில் கொஞ்சம் கூடுதலாக ஆடும். பையனும் பெண்ணும் கப்பல் என்றால் மேல்தளத்தில் சறுக்கு, செயற்கை அலையில் பலகை விடுவது, சுவர் ஏறுவது என்று கேட்டார்கள். கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால் நாங்கள் அந்தப் பக்கம் சாய்ந்தோம். போர்ட் கிள்ளான், பினாங்கு தொட்டுத் திரும்பும் நான்கு இரவுப் பயணம்.

இங்கே நமக்குச் சாதகமான ஒன்று உண்டு. சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை மே கடைசியில் ஆரம்பித்து ஜூன் முழுக்க இருக்கும். நம் பிள்ளைகளுக்கோ மே மாதம் முழுக்க லீவு. மே முதல் மூன்று வாரத்துக்குள் போனால் அங்கே கூட்டம் குறைவு, ரூம் விலையும் குறைவு. அதே கப்பலுக்கு மே இரண்டாம் வாரமும் ஜூன் முதல் வாரமும் என்ன விலை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வைகாசி முகூர்த்தங்கள் குறுக்கே வரும். இரண்டு கல்யாணத்துக்கு மொய் மட்டும் அனுப்பிவிட்டுத்தான் நாங்கள் கிளம்பினோம்.

ஒரு நாள் முன்னதாகவே சிங்கப்பூர் போய்விட வேண்டும். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. ஒரு இரவு ஓட்டல் வாடகையை மிச்சம் பிடிக்கப் போய் எட்டுப் பேர் டிக்கெட்டை இழக்க முடியாது. விசாவும் பல முறை நுழையும் வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கப்பலில் கிளம்பித் திரும்புவது மறுபடி நுழைவதாகத்தான் கணக்கு.

ரூம்: இங்கே கை இறுக்க வேண்டாம்

கப்பலில் ரூம் நான்கு வகை. ஜன்னலே இல்லாத உள் ரூம், திறக்க முடியாத ஜன்னல் உள்ள ரூம், பால்கனி, சூட் எனும் பெரிய ரூம். விலை ரூமுக்கு இருவர் என்ற கணக்கில் தலைக்குச் சொல்லப்படும். ஒருவர் தனியாகப் போனால் பல கப்பல்களில் ஏறக்குறைய இருவர் காசு. அதே ரூமில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் நன்றாகக் குறையும். குடும்பமாகப் போகிறவர்கள் கணக்கை இந்த இடத்தில் ஆரம்பிக்க வேண்டும்.

எங்களுக்கு மூன்று வழி இருந்தது. நால்வர் ரூம் இரண்டு எடுத்தால் தலைக்கு மிகக் குறைவு. ஆனால் மாமா, அத்தையோடு கொழுந்தனார் தம்பதி ஒரே ரூமில். மேலே மடக்கும் படுக்கையில் யார் ஏறுவது? நான்கு பால்கனி ரூம் எடுத்தால் அருமையாக இருக்கும், விலை கட்டாது. மூன்றாவது வழிதான் எடுத்தோம். பெரியவர்களுக்கு ஜன்னல் ரூம், கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கம். எங்கள் நால்வருக்கு அதே தளத்தில் உள் ரூம். கொழுந்தனாருக்கும் ஓரகத்திக்கும் 'கேரண்டி' ரூம்.

கேரண்டி என்றால் வகையை மட்டும் நாம் சொல்வோம். எந்த எண், எந்தத் தளம் என்பதைக் கப்பல்காரர்களே கடைசியில் ஒதுக்குவார்கள். விலை குறையும். இளவயதுக்காரர்களுக்கு இது சரி. பெரியவர்களுக்கு ஒருபோதும் எடுக்காதீர்கள். கேரண்டியில் கப்பலின் முன்மூக்கில் ரூம் விழலாம். கப்பல் ஆடும்போது முன்னும் பின்னும்தான் அதிகம் ஏறி இறங்கும். நடுவும் கீழும் ஊஞ்சல் சங்கிலியை விட்டத்தில் மாட்டிய பக்கம் மாதிரி, ஆட்டம் குறைவு. அத்தைக்குப் பஸ்ஸில் பண்ணாரி தாண்டித் திம்பம் வளைவு ஏறினாலே தலை சுற்றும். அவருக்கு நடுவில் ரூம் வாங்கிய கூடுதல் காசை நான் செலவு என்றே நினைக்கவில்லை.

பால்கனி வேண்டுமா? நான்கு இரவில் இரண்டு பகல் கரையில் போகிறது. மீதி நேரம் பிள்ளைகள் மேல்தளத்தை விட்டு இறங்க மாட்டார்கள். கடலைப் பார்க்க மேல்தளத்தில் இடம் தாராளம், அதற்குக் காசு இல்லை. ஏழு இரவுக்கு மேல் போகிறவர்களும், கடலைப் பார்த்தபடி சும்மா உட்கார ஆசைப்படுகிறவர்களும் பால்கனி எடுக்கலாம். உள் ரூமில் விளக்கை அணைத்தால் குருட்டு இருட்டு. விடிந்ததே தெரியாது. மாமா மாதிரி விடிகாலை நாலரைக்கு எழுந்து வாசலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது மூச்சு முட்டும். அவருக்கு ஜன்னல் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கு அதுவும் காரணம்.

ரூம் எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது தள வரைபடத்தை எடுத்து மேலே என்ன, கீழே என்ன என்று பாருங்கள். மேலே நீச்சல் குளத் தளம் என்றால் அதிகாலையில் நாற்காலி இழுக்கும் சத்தம். கீழே பாட்டு நடக்கும் அரங்கம் என்றால் நள்ளிரவு வரை அதிர்வு. மேலும் கீழும் ரூம்களே இருக்கும் தளம்தான் நிம்மதி.

பான பேக்கேஜ்: நோட்டில் போட்டுப் பாருங்கள்

இதில்தான் அதிகக் காசு போகிறது. விலை கப்பலுக்குக் கப்பல் மட்டுமல்ல, நாளுக்கு நாளும் மாறும். அதனால் நான் கீழே போடுவது கணக்குப் போடும் வழிக்கான எண்கள் மட்டும். உங்கள் கப்பலின் எண்ணை அதே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

மது உட்பட எல்லாம் அடங்கிய பேக்கேஜ் ஒரு நாளைக்கு 70 டாலர் என்று வைப்போம். அதன் மேல் 18 சதவீதம் சேவைத்தொகை சேரும். 82 டாலர் 60 சென்ட். தனித்தனியாக வாங்கினால் ஒரு கோப்பை 12 டாலர், அதற்கும் 18 சதவீதம் சேர்த்து 14 டாலர் 16 சென்ட். அப்படியென்றால் ஒரு நாளைக்கு ஆறு கோப்பை உள்ளே போனால்தான் பேக்கேஜ் கட்டும். கரையில் இறங்கி எட்டு மணி நேரம் சுற்றும் நாளுக்கும் அதே காசுதான், அன்றைக்கும் ஆறு. பேக்கேஜ் முழுப் பயணத்துக்கும் வாங்க வேண்டும், கடலில் இருக்கும் நாளுக்கு மட்டும் என்று கேட்டால் பெரும்பாலும் கிடையாது.

இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. ராயல் கரீபியன் போன்ற கப்பல்களில், ஒரு ரூமில் ஒருவர் மது பேக்கேஜ் வாங்கினால் அதே ரூமில் உள்ள மற்ற பெரியவர்களும் வாங்க வேண்டும். ஒருவர் வாங்கி மற்றவர்கள் பங்கிட்டுக் குடிக்கக் கூடாது என்பதற்காக வைத்த விதி. எங்கள் வீட்டில் மது தொடுவது கொழுந்தனார் மட்டும், அதுவும் பீர். ஓரகத்தி தொடவே மாட்டாள். ஆனாலும் இருவருக்கும் நான்கு நாளுக்கு 660 டாலர். டாலரை 88 ரூபாய் என்று வைத்தால் 58,000 ரூபாய். அதுவே ஒரு நாளைக்கு மூன்று பீர், ஒன்று 9 டாலர், 18 சதவீதம் சேர்த்து என்று தனியாக வாங்கினால் நான்கு நாளைக்கு 127 டாலர், 11,200 ரூபாய்.

"ஏனுங்க அண்ணி, அன்லிமிட்டெட்னா யோசிக்காமக் குடிக்கலாமுங்களே" என்றார் கொழுந்தனார். நோட்டைத் திருப்பிக் காட்டினேன். "மூணு போதுமுங்க" என்று அவரே சொல்லிவிட்டார். சொன்னபடி மூன்றைத் தாண்டவும் இல்லை. நாளுக்கு ஐந்தாறு கோப்பை குடிக்கும் நண்பர்கள் நால்வர் சேர்ந்து போகிறார்கள் என்றால், கடலிலேயே கழியும் பயணம் என்றால், பேக்கேஜ் கட்டும். நம் பக்கத்துக் குடும்பப் பயணத்துக்குக் கட்டாது.

பிள்ளைகளுக்கான சோடா பேக்கேஜையும் இதே மாதிரி பார்த்தேன். ஒரு நாளைக்கு 10 டாலர் என்றால் சேவைத்தொகையோடு 11.80. ஒரு டம்ளர் 4.72 என்றால், நாளுக்கு மூன்று டம்ளர் குடித்தால்தான் லாபம். ஏழு வயதுப் பையன் லாபம் பார்ப்பதற்காக மூன்று டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டியதில்லை. நாளுக்கு ஒன்று என்று பேசி வைத்தோம். மாலையில் எது வேண்டும் என்று அவர்களே தேர்ந்தெடுத்தார்கள்.

காசில்லாமல் கிடைப்பதைப் பலர் கவனிப்பதில்லை. பஃபே பக்கம் குடிதண்ணீர், டீ, சாதாரண காபி எப்போதும் உண்டு. பல கப்பல்களில் எலுமிச்சைச் சாறும், காலையில் பழச்சாறும் வைத்திருப்பார்கள். காசு கேட்பது பாட்டில் தண்ணீருக்கும், காபிக் கடையில் போடும் காபிக்கும்தான். ரூமில் மேசை மேல் இருக்கும் பாட்டில் தண்ணீரும் பில்லில் ஏறும். முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். காலி பாட்டில் ஆளுக்கொன்று எடுத்துப்போய், பஃபேயில் டம்ளரில் பிடித்து ஊற்றிக்கொண்டோம். மாமாவுக்காக இன்ஸ்டன்ட் காபிப் பொட்டலம் எடுத்துப் போனேன். வெந்நீர் அங்கே கிடைக்கிறது.

கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். தீ அபாயம் என்று ஸ்கேனிலேயே எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். பிளக் நீட்டிப்புப் பெட்டிக்கும் பல கப்பல்களில் தடை. வீட்டில் செய்த சோறு, சந்தகை ஏற்ற முடியாது. சீல் உடைக்காத முறுக்கு, கடலை மிட்டாய் போகும். ராயல் கரீபியனில் பெரியவர் ஒருவருக்கு ஒரு 750 மில்லி ஒயின் பாட்டில் ஏறும் நாளில் கையில் கொண்டுபோகலாம். மற்ற மதுவுக்கு அனுமதி இல்லை. துறைமுகத்தில் வாங்கும் மதுவை வாங்கி வைத்துக்கொண்டு கடைசி இரவுதான் கொடுப்பார்கள்.

ஒருவேளை ஏதாவது பேக்கேஜ் வாங்குவதாக இருந்தால் கப்பல் ஏறும் முன்பே இணையத்தில் வாங்குங்கள். ஏறிய பிறகு விலை கூடுதல். முன்கூட்டியே வாங்கியதைப் பல நிறுவனங்களில் பயணத்துக்குச் சில நாள் முன்பு வரை ரத்து செய்துவிட்டு, விலை இறங்கியிருந்தால் மறுபடி வாங்கலாம். இன்டர்நெட்டை நான் அப்படித்தான் வாங்கினேன். ஒரே ஒரு போனுக்கான இணைப்பு. ஒருவர் வெளியேறினால் அடுத்தவர் நுழையலாம். எட்டுப் பேரும் மாற்றி மாற்றி வீட்டுக்குப் பேச அது போதும். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கப்பலின் செயற்கைக்கோள் டவரைப் பிடித்து ரோமிங் பில் எகிறும்.

சேவைத்தொகை பற்றி முன்பே தெரிந்திருக்க வேண்டும். தலைக்கு நாளுக்கு 18.50 டாலர் என்று கணக்கிட்டால், குழந்தைகளுக்கும் சேர்த்து, எட்டுப் பேருக்கு நான்கு இரவுக்கு 592 டாலர். 52,000 ரூபாய்க்கு மேல். சில குடும்பங்கள் கவுண்டரில் நின்று இதை எடுத்துவிடச் சொல்கிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். தினமும் ரூம் சுத்தம் செய்தவரும், அத்தைக்கு எண்ணெய் இல்லாமல் தனியாகச் சமைத்துக் கொண்டுவந்தவரும் அந்தத் தொகையை நம்பி வீட்டைப் பிரிந்து மாதக்கணக்கில் கடலில் இருப்பவர்கள். டிக்கெட் போடும்போதே முன்பணமாகக் கட்டிவிட்டால் பிறகு கனக்காது.

காசு கேட்கும் தனி உணவகங்களுக்கு நாங்கள் போகவில்லை. பெரிய டைனிங் ஹாலிலேயே நம் ஊர் சைவம் கிடைத்தது; டிக்கெட் போடும்போதே எழுதிச் சொல்லியிருந்தோம். போட்டோவும் வாங்கவில்லை.

கரையில் இறங்கினால்

கப்பலின் சுற்றுலாப் பஸ்ஸா, நாமே போவதா என்பதற்கு ஊரைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். பினாங்கில் கப்பல் நிற்பது ஸ்வெட்டன்ஹாம் துறையில். இறங்கி நடந்தால் ஜார்ஜ் டவுன். லிட்டில் இந்தியாவும், 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோயிலும் நடை தூரம். அங்கே பஸ்ஸுக்குக் காசு கொடுப்பது வீண். தேங்காய்த் தண்ணீர் குடித்துக்கொண்டு நடந்தோம். கடைக்காரர் தமிழில் விலை சொன்னார்.

போர்ட் கிள்ளான் வேறு கதை. துறைமுகம் புலாவ் இண்டா தீவில் இருக்கிறது. கோலாலம்பூருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். ரயில் நிலையமும் பக்கத்தில் இல்லை. அத்தைக்குப் பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்பது முதல் நாளிலிருந்தே ஆசை. இருவராகப் போகிறவர்கள் கப்பல் பஸ்ஸையே பிடியுங்கள். அதில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். எட்டுப் பேருக்குத் தலைக்கணக்கில் அந்தப் பஸ்ஸுக்குக் கொடுப்பதைவிட ஒரு வேன் முழுதாகப் பிடிப்பது மலிவு. ஆனால் தாமதமானால் பொறுப்பு நம்முடையது. வேன்தான் பிடித்தோம். கப்பல் ஏற வேண்டிய நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே துறைமுகத்தில் இருக்க வேண்டும் என்று டிரைவரிடம் எழுதிக் கொடுத்தேன். தாய்லாந்துப் பக்கம் போகிறவர்கள் கடிகாரத்தையும் கவனியுங்கள். புக்கெட் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். போன் தானாக மாறிவிடும், கப்பல் மாறாமல் இருக்கலாம்.

140 அடி முருகன் சிலையின் காலடியில் அத்தை நின்றார். மேலே 272 படி. சின்ன வயதில் சென்னிமலையின் 1,320 படியும் ஏறியவர்தான். "முட்டி விடாது அம்மிணி. நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கிருந்தே கும்பிட்டுக்கறேன்" என்றார். நானும் அவரோடு கீழேயே உட்கார்ந்துகொண்டேன். அந்த வேன் காசு பான பேக்கேஜ் வாங்காததில் மிஞ்சியது. அதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன்.

பணம் கட்டும் விதத்தில் இரண்டு விஷயம். கப்பலில் நம் கணக்கோடு ஒரு கார்டை இணைக்கச் சொல்வார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். அது விடுபட நாளாகும், அதுவரை அந்தக் காசு நமக்கு உதவாது. கிரெடிட் கார்டில் அயல்நாட்டுச் செலவுக்கு 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிப்பது வழக்கம். அந்தக் கட்டணம் இல்லாத கார்டுகளும் இருக்கின்றன. வீட்டில் யாரிடமாவது இருந்தால் அதைக் கொண்டுபோங்கள். டிக்கெட் வாங்கும்போது ஏஜெண்டே பிடித்து அரசுக்குக் கட்டும் டிசிஎஸ் வரியை விட்டுவிடாதீர்கள். யார் பான் எண்ணில் பிடித்தார்களோ அவர் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். நாங்கள் மாமா பெயரில் போடாமல், வரி கட்டும் என் வீட்டுக்காரர் பெயரில் போட்டோம்.

கடைசி இரவு எல்லாரும் பெட்டி கட்டும்போது நான் ரூம் டிவியில் எங்கள் மூன்று ரூம் பில்லையும் வரி வரியாகப் பார்த்தேன். நாங்கள் எடுக்காத இரண்டு பாட்டில் தண்ணீர் ஏறியிருந்தது. ராத்திரி பத்தரைக்குக் கவுண்டரில் ஆளே இல்லை. ஐந்து நிமிடத்தில் நீக்கித் தந்துவிட்டார்கள். காலையில் அதே கவுண்டரில் வரிசை லிஃப்ட் வரை நின்றது.